பத்து மீட்டர் கோட்டிலிருந்து: கோவில்பட்டிப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் பகல்நேர ரயிலில் இன்று முற்பகல் கரூரில் ஏறினோம். எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் பதினாறு சிறுமிகள், அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியை, துணைக்கு நான். பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்லும்போது பெற்றோர் தரப்பில் ஒரு பெண்ணும் உடன்வர வேண்டும் என்று பள்ளியில் கேட்டுக்கொண்டார்கள். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் துணி சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்யும் எனக்குச் சேர்ந்தாற்போல் ஆறு நாள் விடுப்புக் கிடைப்பது அரிது. ஆனாலும் இந்த அணி கடந்த ஓராண்டில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால், இந்த வாய்ப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெற்றோருக்காக, அன்றன்று நடந்ததை அன்றிரவே எழுதுகிறேன்.

மட்டைகள் அனைத்தையும் ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டியிருந்தோம். கோல்கீப்பரின் கால் கவசம், மார்புக் கவசம், தலைக்கவசம் எல்லாம் அடங்கிய பை மட்டும் ஒரு ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "இத்தனை பெரிய பையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். கோல்கீப்பர் சிறுமி தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக் காட்டினாள். ஓராண்டுக்கு முன்பு இவள் அந்நியர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

கடந்த ஆண்டு பக்கத்து மாவட்டத்தில் நடந்த போட்டியை நான் மறக்க மாட்டேன். பதினொரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தில், காய்ச்சல் கண்ட ஒருத்தி வராததால் பத்துப் பேருடன் இறங்கினார்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பேரும் ஓடினார்கள். பந்து அடுத்த பக்கம் போனதும் அத்தனை பேரும் அங்கே திரும்பினார்கள். 0-9 என்ற கணக்கில் தோற்றோம். ஒன்பதாவது கோல் விழுந்தபோது கோல்கீப்பராக நின்ற பிள்ளை பந்தைத் தடுக்கக் கையைக்கூட அசைக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் யாரும் யாருடனும் பேசவில்லை. என் மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை வெளியே பார்த்தபடி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் இந்த ஆசிரியை எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். ஜூன் மாதம் பயிற்சி தொடங்கியபோது அவர் முதலில் செய்த வேலை, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மைதானத்தில் கல் பொறுக்கச் சொன்னதுதான். எங்கள் பள்ளி மைதானம் சரளை மண். பந்து ஒரு சிறு கல்லில் பட்டாலும் முகத்துக்கு எழும்பும். கல் பொறுக்கி முடித்த பின் மூன்று மாதங்கள் கோல் கம்பத்தின் பக்கம் யாரையும் அவர் விடவில்லை. காலை ஐந்தரை மணிக்கு வந்து, இருவர் இருவராக எதிரெதிரே நின்று, வருகிற பந்தை மட்டையில் வாங்கி அசையாமல் நிறுத்துவது ஒன்றே பாடம். "நிறுத்தத் தெரியாதவளுக்கு அடிக்கத் தெரிந்து பயனில்லை" என்பார். கோல் போடாமல் என்ன ஹாக்கி என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொண்டோம்; நானும் அவர்களில் ஒருத்தி என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். பயிற்சியில் இரு அணியாகப் பிரிந்து ஆட இரண்டு நிறத்தில் மேலுடுப்பு வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான், எடைக்கு விற்கும் வெட்டுத் துணி வாங்கி, மஞ்சளில் பத்தும் நீலத்தில் பத்துமாகத் தைத்துக் கொடுத்தேன். மைதானத்துக்கு நான் தினமும் போகத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

திண்டுக்கல் தாண்டியதும் இடப்பக்கம் சிறுமலை உடன்வந்தது. வைகைப் பாலத்தைக் கடந்து ரயில் மதுரையில் நின்றபோது பிள்ளைகள் ஜன்னலோரம் குவிந்தார்கள். 2025 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையிலும் இந்த மதுரையிலும் நடந்தன. முதல் முறையாக 24 நாடுகள் ஆடிய அந்தத் தொடரில் ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியா வெண்கலம் பெற்றது. அவற்றைக் கைப்பேசியில் பார்த்தே நீல நிறச் செயற்கைப் புல்தரை எப்படி இருக்கும் என்று எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். நாளை முதன்முதலாக அப்படியொரு தரையில் கால் வைக்கப்போகிறார்கள்.

விருதுநகருக்குப் பின் மண் கறுத்துவிட்டது. சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சும் காராச்சேவும் வாங்கினோம். மாலையில் கோவில்பட்டியில் இறங்கி, தங்க ஒதுக்கியிருந்த பள்ளி வகுப்பறைகளில் பாய் விரித்தோம். ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டார் ஆசிரியை.

இரண்டாம் நாள், புதன்

கோடை வெயிலை முன்னிட்டு ஆட்டங்களைக் காலை ஆறரைக்கும் மாலை நான்கரைக்குப் பிறகும் வைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து தெருவில் நடந்தபோதே இந்த ஊர் எங்கள் ஊரைப் போன்றதல்ல என்று தெரிந்தது. சைக்கிள் கைப்பிடியில் மட்டையை மாட்டிக்கொண்டு சிறுவர்கள் போனார்கள். தேநீர்க் கடையில் இரண்டு பேர் நேற்றைய ஆட்டத்தில், கோலுக்கு முன் நின்று காக்கும் ஒரு ஃபுல் பேக் செய்த தவறைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற இந்த ஊருக்கு ஹாக்கி தெருவிளையாட்டு. இங்கிருந்து போன மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் அதே அணியில் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து இருவர் இந்தியச் சட்டை அணிந்த அந்தச் செய்தியை எங்கள் ஆசிரியை வெட்டி, பள்ளி விளையாட்டு அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

கிருஷ்ணா நகரில் உள்ள செயற்கைப் புல்தரை மைதானத்துக்குள் நுழைந்ததும், ஆட்டத்துக்கு முன் தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்யாத ஊரில் ஏன் புல்லே அல்லாத புல்லுக்குத் தண்ணீர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். காய்ந்த தரையில் பந்து உராய்ந்து தாவும், விழுந்தால் தோல் வழன்றுவிடும், ஈரத்தில்தான் பந்து வழுக்கிக்கொண்டு தரையோடு ஓடும் என்று ஆசிரியை விளக்கினார். அவர் சொன்ன அந்த ஓட்டம்தான் எங்களை இன்று தோற்கடித்தது.

எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள். எங்கள் முதல் ஆட்டம் உள்ளூர் அணியுடன். சரளை மண்ணில் பந்து மெதுவாக வந்து சேரும் என்ற கணக்கில் மட்டையை வைத்துப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, இங்கே மட்டை தரையைத் தொடும் முன்பே பந்து கடந்துபோய்விட்டது. முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். எனக்கு அடிவயிறு கலங்கியது; கடந்த ஆண்டுப் பேருந்து கண்முன் வந்தது. ஆனால் குறையைக் கண்டுபிடிப்பதற்கே பழகிய என் கண், இன்று தேடியும் அந்தப் பழைய குறையைக் காணவில்லை. இரண்டு கோல் விழுந்த பிறகும் யாரும் தன் இடத்தை விட்டு ஓடவில்லை. பந்து வலப்பக்கம் போனபோது நடுவரிசையில் இடப்பக்கம் ஆடும் ஹாஃப் உள்ளே நகர்ந்து நின்றாள். அவள் நகர்ந்ததைப் பார்த்து ஃபுல் பேக் ஓரடி பின்வாங்கினாள். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கோல்தான் எதிரணி போட முடிந்தது. 0-3.

என் மகளுக்கு மட்டும் இது மோசமான நாள். எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பில், பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுப்பது அவளுடைய வேலை. கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கோட்டில் வைத்த பந்தை அவள், கோலுக்கு முன்னால் உள்ள 'டி' வடிவ வளைவுக்கு வெளியே நிற்பவளுக்கு அனுப்ப வேண்டும். வெளியே நிற்பவள் நிறுத்த, அடுத்தவள் அடிப்பாள். மூன்று பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. மூன்றிலும் பந்து துள்ளித் துள்ளிப் போய், நிறுத்துபவளின் மட்டைக்கு மேலே தாண்டிவிட்டது. இரவு அவள் சாப்பிடவில்லை.

விளக்கணைக்கும் முன் ஆசிரியை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் மகளிர் அணி பன்னிரண்டு நாடுகளில் பன்னிரண்டாவது இடம். டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி; நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அதன் பின் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, 2021 ஆகஸ்ட் 2 அன்று காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள். "அந்த ஒரு கோல் எப்படி வந்தது தெரியுமா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. "பெனால்டி கார்னர். குர்ஜித் கௌர் அடித்தார். யாரோ ஒருத்தி தள்ளிக் கொடுத்தாள், யாரோ ஒருத்தி நிறுத்தினாள்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். என் மகளை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னதற்காக அவருக்கு நான் நன்றியுடையவள்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று ஆட்டம் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் மைதானத்தில் பழக அனுமதி கிடைத்தது. அங்கே நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

மகள் தனியாக ஓர் ஓரத்தில் பந்தைத் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். இளமையில் ஊர் அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவராம். "எந்த ஊரு தாயி?" என்று மகளிடம் கேட்டார். கரூர் என்றாள். ஆசிரியையிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிட்டு, பையைத் தரையில் வைத்துவிட்டு அவள் மட்டையை வாங்கினார்.

"பந்தைத் தட்டுற நீ. தட்டினா துள்ளத்தான் செய்யும். மட்டையும் பந்தும் ஒட்டியே வரணும். மாடு வண்டியை இழுத்துட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போயி விடணும்."

சரளை மண்ணில் பந்து கல்லில் சிக்காமல் போக வேண்டும் என்பதற்காக அவள் தட்டிக் கொடுத்தே பழகியவள். அவளாகக் கண்டுபிடித்த வழி அது. இங்கே அதுவே குற்றமாகிவிட்டது. முதியவர் பந்தைப் பின்காலுக்கு அருகே வைக்கச் சொன்னார். மட்டையின் கழுத்துப் பகுதியைப் பந்தோடு ஒட்ட வைத்தார். ஒரு கால் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற காலின் நுனி, நிறுத்துபவளை நோக்கியே இருக்க வேண்டும் என்று, குனிந்து தன் கையாலேயே அவள் காலணியை ஓர் அங்குலம் திருப்பி வைத்தார். முழங்காலை மடக்கி உடம்பு தரையோடு தாழ வேண்டும்; கை முடியும் இடத்தில் விரல்கள் தரையை உரச வேண்டும். அவள் இழுத்தாள். பந்து ஒரு சத்தமும் இல்லாமல், கோடு கிழித்தாற்போல், பதினெட்டு இருபது மீட்டர் ஓடி, நிறுத்துபவளின் மட்டையில் போய் உட்கார்ந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் அறுபது எழுபது முறையாவது செய்திருப்பாள். வலக்கை விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினேன். முதியவர் பையை எடுத்துக்கொண்டு, பேரனுக்குப் பால் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

மாலையில் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றோம். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்த கடலையைத் தோல் நீக்கி, பாகில் கொட்டிப் பரப்பி, சூடு தணிவதற்குள் உருளையால் சமப்படுத்தித் துண்டு போடுவதைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். பயிற்சி முடிந்ததும் எங்கள் ஊரில் அவித்த கடலையும் ஒரு முட்டையும் கொடுப்பது ஆசிரியையின் ஏற்பாடு. இன்று அதற்குப் பதில் ஆளுக்கு இரண்டு கடலைமிட்டாய். எட்டயபுரம் போய்ப் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நாளை இரண்டு ஆட்டம் இருப்பதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

நான்காம் நாள், வெள்ளி

காலை ஆட்டம். எதிரணி எங்களைவிட உயரமான பிள்ளைகள். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவதில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் அதன் பிறகு தடுத்தவை மட்டும் நான்கு. ஒன்றைக் கீழே விழுந்த நிலையில் கால் கவசத்தின் நுனியால் உதைத்து வெளியேற்றினாள். ஓட்டத்தில் மெதுவாக இருக்கிறாள் என்று முன்பு அணியிலிருந்தே நீக்கப்பட இருந்தவள் இவள். அசையாமல் நிற்கத் தெரிந்தவள் என்று சொல்லி அவளைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியவர் ஆசிரியை.

மூன்றாம் பகுதியின் நடுவில் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. எதிரணியின் ஐந்து பேர் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். மகள் கோட்டுக்குப் போனாள். பந்தை வைத்தாள். எடுத்து மீண்டும் வைத்தாள். காலணியின் நுனியைத் திருப்பினாள். என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அது நசுங்கிச் சத்தம் வந்த பிறகே தெரிந்தது.

இழுத்தாள். பந்து துள்ளவில்லை. நிறுத்துபவள் மட்டையைத் தரையில் படுக்கவைத்து வாங்கி, ஒரு முழம் 'டி'க்குள் நகர்த்தினாள். அடிப்பவள் அடித்தாள். முதல் அடி, கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரத்துக்கு மேல் போனால் கோல் இல்லை என்பது விதி. இது தரையோடு போய்ப் பலகையில் மோதியது. அந்தச் சத்தத்தை ஹாக்கி பார்க்கிறவர்கள் அறிவார்கள். மரக்கதவை ஒரே தட்டாகத் தட்டுவதுபோல் இருக்கும். எல்லோரும் அடித்தவளைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அடித்தவளோ அவர்களை விலக்கிக்கொண்டு நேரே பின்கோட்டுக்கு ஓடி வந்து, இன்னும் குனிந்த நிலையிலேயே இருந்த என் மகளைத் தூக்கி நிறுத்தினாள்.

கணக்கு ஏட்டில் கோல் அடித்தவளின் பெயர் மட்டுமே இருக்கும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இருபது ஆண்டுகளாக நான் சரிபார்த்து அனுப்பும் விரிப்புகளில் என் பெயர் இருந்ததில்லை. ஓரத் தையல் நேராக இருந்தால் எனக்கு அதுவே நிறைவு. இன்று அந்தப் பந்து ஓடிய கோடு அப்படி நேராக இருந்தது.

கடைசிப் பகுதியில் வலப்பக்கத்திலிருந்து நான்கு பேர் கைமாற்றிக் கொண்டுவந்த பந்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. 2-1. இந்த அணி வெளியூரில் வென்ற முதல் ஆட்டம். வெளியே வரும்போது வேலிக்கு அருகே வேட்டி கட்டிய யாரைப் பார்த்தாலும் அவராக இருக்குமோ என்று தேடினேன். அவர் வரவில்லை.

மாலை ஆட்டம் 1-1. நான்கு புள்ளிகளுடன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்று அரையிறுதிக்குப் போகிறோம். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, கோல்கீப்பரின் தந்தை ஒன்றும் பேசாமல் வெகுநேரம் இருந்துவிட்டு, "பாப்பாவுக்கு அடி ஏதும் படலீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் நாள், சனி

அரையிறுதி மாலை ஐந்தரை மணிக்கு. உள்ளூர்க்காரர்கள் படிக்கட்டுகளில் நிறைந்திருந்தார்கள். எங்களை எதிர்த்தவர்கள் வேறு மாவட்ட அணி என்பதால், முதலில் இரு பக்கமும் கை தட்டியவர்கள், மூன்றாம் பகுதியில் நாங்கள் 0-1 என்று பின்தங்கியபோது மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். "கரூரு, விரிச்சு ஆடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மீண்டும் பெனால்டி கார்னர், மீண்டும் மகளின் நேர்க்கோடு, மீண்டும் பலகையின் சத்தம். 1-1.

பிறகு ஷூட் அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்பட்டு எட்டு நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். அணிக்கு ஐந்து பேர். எங்கள் கோல்கீப்பர் இரண்டைத் தடுத்தாள். ஆனால் எங்களில் மூவர் தவறவிட்டார்கள். ஒருத்திக்கு நேரம் கடந்துவிட்டது, இருவர் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். 2-3.

அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் கடந்த ஆண்டைப் போல யாரும் தனித்தனியே உட்காரவில்லை. நேரம் கடந்துபோனவளைச் சுற்றி பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய காலுறைக் கட்டை ஒருத்தி அவிழ்த்தாள், ஒருத்தி காலணியைக் கழற்றினாள், ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஆசிரியை கடைசியாக வந்து, ஒன்றும் சொல்லாமல் அவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் மூன்றாம் இடம் என்று அறிவித்தபோது, மேடைக்குப் போகச் சொல்லி அவர்களை எழுப்ப வேண்டியிருந்தது.

ஆறாம் நாள், ஞாயிறு

காலை ரயிலில் திரும்பினோம். கோப்பை சிறியது, கைமாறிக் கைமாறிக் கரூர் வரும்வரை ஒரு பிள்ளையின் மடியிலும் பத்து நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. நிலையத்தில் கோல்கீப்பரின் தந்தை வேலைச் சட்டையோடு வந்து நின்றிருந்தார். அந்தப் பெரிய பையைத் தானே தோளில் வாங்கிக்கொண்டார், மகளைச் சுமக்க விடவில்லை. நாளை ஓய்வு, செவ்வாய் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி என்று ஆசிரியை அறிவித்தார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நான் சமையலில் இருந்தேன். மகள் என் தையல் பெட்டியைத் திறந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். என் நாடா 150 சென்டிமீட்டர். வாசல் தூணைக் கோல் கம்பமாக வைத்து, தம்பியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஆறு முறை நீட்டி அளந்து, ஏழாவது முறை 100இல் நிறுத்தி, அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள். பிறகு காலணியின் நுனியை ஓர் அங்குலம் திருப்பிவிட்டுக் குனிந்தாள்.